கைல் ஃபீல்டில் எப்போது கத்துவது, எப்போது வாயை மூடுவது? – வாசகர் கேள்வி பதில்

டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இருக்கிறது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். அதன் மைதானமான கைல் ஃபீல்டில் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் நாளில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்று பிள்ளைகளை அங்கே சேர்த்திருக்கும் பெற்றோரும் முதல்முறை ஆட்டம் பார்க்கப் போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கக் கால்பந்து.

கேள்வி: எங்கள் மகள் இந்த ஆண்டுதான் அங்கே சேர்ந்திருக்கிறாள். சட்டை, கார் கண்ணாடி, மைதானச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் "12வது ஆள்" என்று எழுதியிருக்கிறது. ஓர் அணிக்கு 11 பேர்தானே?

களத்தில் இறங்குவது 11 பேர்தான். 12வது ஆள் என்பது கேலரியில் நிற்கும் மாணவர் கூட்டம்.

இதன் தொடக்கம் 1922 ஜனவரி 2 அன்று டாலஸில் நடந்த டிக்ஸி கிளாசிக் ஆட்டம். எதிரணி சென்டர் கல்லூரி, அப்போது நாட்டின் மிக வலுவான அணிகளில் ஒன்று. ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துவிடுமோ என்று பயிற்சியாளர் டானா பைபிளுக்குக் கவலை. ஃபுட்பாலை விட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விட்ட இ. கிங் கில் என்ற மாணவர் அன்று பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, வீரர்களை அடையாளம் காட்டி உதவிக்கொண்டிருந்தார். அவரைக் கீழே கூப்பிட்டார் பைபிள். கேலரிக்கு அடியில் காயம்பட்ட வீரரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை களத்தோரம் நின்றார் கில். 22–14 என்று ஏ அண்ட் எம் ஜெயித்தது. கில்லை இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அவர் ஆடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். "கூப்பிட்டால் வரத் தயார்" என்று நின்றதைத்தான் கொண்டாடுகிறார்கள். மாணவர் பகுதியில் ஆட்டம் முழுக்க யாரும் உட்காராததற்குக் காரணமும் அதுவே. 1983இல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில் உதவித்தொகை பெறாத மாணவர்களை மட்டும் வைத்து, உதை விடும் நேரத்தில் இறங்க ஓர் அணியே அமைத்தார். இப்போது அந்த மரபின் மிச்சமாக, உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம்பிடித்த ஒருவர் 12ஆம் எண் சட்டையைப் போடுகிறார். அந்தப் பெயரைப் பல்கலைக்கழகம் 1990இல் வணிகக் குறியாகவும் பதிவு செய்துவிட்டது.

கேள்வி: ஒரு லட்சம் பேர் கத்துவது வெறும் உற்சாகமா, இல்லை ஆட்டத்தையே மாற்றுமா? எந்த நேரத்தில் கத்த வேண்டும்?

மாற்றும். ஆனால் சரியான நேரத்தில் கத்தினால்தான். கைல் ஃபீல்டின் இருக்கைகள் 1,02,733. 2014 அக்டோபரில் மிசிசிப்பி அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 1,10,633 பேர் வந்தார்கள். இத்தனை பேர் தவறான நேரத்தில் கத்தினால் கெடுவது சொந்த அணிதான்.

விதி எளிது. எதிரணியிடம் பந்து இருந்தால் கத்துங்கள். நம் அணியிடம் பந்து இருந்தால் அமைதி.

காரணம் இதுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பிலும் ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் குரல் கொடுக்க, அவர் எண்ணும் கணக்குக்கு ஏற்ப முன்வரிசை வீரர்கள் ஒரே நொடியில் பாய வேண்டும். சத்தத்தில் அந்தக் குரல் கேட்கவில்லை என்றால் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு அசைந்துவிடுவார். அதற்கு 5 கஜம் தண்டனை. அல்லது திட்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லி முடிப்பதற்குள், அந்த வாய்ப்பைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஓடி முடிந்துவிடும். அதற்கும் 5 கஜம். இரண்டையும் தவிர்க்க நினைத்தால், கையிருப்பில் உள்ள டைம் அவுட்டைச் செலவழிக்க வேண்டும்.

அனுபவமுள்ள அணிகள் குரலை நம்பாமல் "சத்தமில்லாக் கணக்கு" முறைக்கு மாறிவிடும். குவார்ட்டர்பேக் தயார் என்று சைகை காட்டியதும் பக்கத்து வீரர் பந்து எடுப்பவரைத் தட்டுவார். ஓரத்தில் நிற்பவர்கள் தலையைத் திருப்பிப் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்தைப் பார்க்கும் கண் எதிரே பாய்ந்து வருபவனைப் பார்க்காது. அந்தக் கண நேரத் தாமதம்தான் தற்காப்பு அணிக்குக் கிடைக்கும் லாபம். தண்டனை எதுவும் விழாவிட்டாலும் உங்கள் தொண்டை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

2024இலிருந்து முதல்நிலைக் கல்லூரி ஆட்டங்களில், பயிற்சியாளர் களத்தில் உள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகப் பேசலாம். ஆனால் முன்னே சொன்ன கடிகாரத்தில் மிச்சம் 15 நொடி என்று ஆனதும் அந்த இணைப்பு துண்டிக்கப்படும். பிறகு எல்லாம் வாய்ப்பேச்சும் கைச்சைகையும்தான். ஆகவே தொண்டையை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, 20 நொடிக்குக் கீழே இறங்கியதும் ஏற்றி, பந்து நகரும்வரை குறைக்காமல் கத்துங்கள். மூன்றாவது வாய்ப்பில் மட்டும் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான். நம் அணி புள்ளி எடுக்கும் எல்லைக் கோட்டை நெருங்கும்போது ஆர்வம் தாங்காமல் கூச்சல் போடுவது. பக்கத்தில் இருக்கும் மாணவர்கள் கையைத் தாழ்த்திக் காட்டுவார்கள். கோபப்படவில்லை, குவார்ட்டர்பேக்குக்கு வழி விடச் சொல்கிறார்கள்.

கேள்வி: சியர்லீடர்கள் யாரையும் காணோம். வெள்ளை உடை போட்ட ஐந்து மாணவர்கள் கையை ஆட்டுகிறார்கள், கூட்டம் முழுவதும் குனிகிறது. என்ன நடக்கிறது?

அவர்கள் யெல் லீடர்கள். மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. நான்காம் ஆண்டினர் மூவர், மூன்றாம் ஆண்டினர் இருவர். அங்கே முழக்கத்துக்கு "யெல்" என்று பெயர். அதன் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் முதல் நாளே கலந்துகொள்ளலாம்.

முதலில் யெல் லீடர் ஒரு கைச்சைகை காட்டுவார். ஒவ்வொரு யெல்லுக்கும் தனிச் சைகை உண்டு. முன்வரிசை மாணவர்கள் அதே சைகையைக் காட்டி, யெல்லின் பெயரைச் சொல்லிப் பின்வரிசைக்குக் கடத்துவார்கள். இதற்கு "பாஸ் பேக்" என்று பெயர். சைகை மேல் அடுக்குவரை போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் குனிந்து, கைகளை முழங்காலுக்குச் சற்று மேலே ஊன்றிக்கொள்வார்கள். பிறகு யெல் லீடரின் கையசைவுக்கு ஏற்ப ஒரே குரலாக முழங்குவார்கள்.

குனிவதை வேடிக்கை என்று நினைக்காதீர்கள். நிமிர்ந்து நின்று கத்தும்போது நம்மை அறியாமல் கழுத்தை இறுக்கித் தொண்டையிலிருந்து கத்துகிறோம். குனிந்து கையை ஊன்றினால் தோளும் கழுத்தும் தளர்கின்றன, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள முடிகிறது. மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க இதுதான் வழி. இரண்டாம் கால் பகுதியிலேயே குரல் போய்விடுகிறவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்தே கத்தியவர்கள்.

இன்னொரு நுணுக்கம்: காதால் கேட்டுச் சேர்ந்துகொள்ளாதீர்கள், கண்ணால் பார்த்துச் சேருங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 முதல் 350 மீட்டர்தான் போகும். 120 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் உங்களை எட்ட மூன்றில் ஒரு நொடி ஆகும். அதைக் கேட்டு நீங்கள் தொடங்கினால் உங்கள் குரல் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது தாமதம் இரட்டிப்பாகி, சொற்கள் குழம்பி வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஒளிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒலிபெருக்கியை நம்பாமல் கைச்சைகை முறையை இன்றுவரை அவர்கள் கைவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று கேலரியின் உச்சியில் ஒருமுறை நின்றால் புரியும்.

எளிதான சைகைகள் இரண்டை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மடக்கிய இரண்டு கை முஷ்டிகளையும் மார்புக்கு முன் ஒன்றையொன்று சுற்றுவதுபோல் உருட்டினால் அது "ஃபார்மர்ஸ் ஃபைட்". விரல்களை மடக்கிக் கட்டைவிரலை உயர்த்தினால் "கிக் எம்". தவளை வேட்டைக்குப் பயன்படும் ஈட்டிக்கு அங்கே கிக் என்று பெயர். 1930இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் "கொம்புத் தவளைகள்" அணிக்கு எதிரான ஆட்டத்தையொட்டிப் பிறந்தது அந்த முழக்கம்.

யெல் முடிந்ததும் ஒவ்வொரு ஆண்டு மாணவரும் தங்களுக்கு உரிய விதத்தில் ஒரு குரல் எழுப்புவார்கள். "வூப்" என்பது மூன்றாம், நான்காம் ஆண்டினருக்கே உரியது. உங்கள் மகள் முதலாண்டு என்றால் அவள் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் முறை. அவளைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெற்றோர் சொன்னால் யாரும் குறை காண மாட்டார்கள். மரபுகளில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நிற்பவர்களை அங்கே "டூ பெர்சென்டர்" என்பார்கள். அந்தப் பேச்சு வாங்காமல் இருக்க, சைகையை மட்டுமாவது காட்டினால் போதும்.

கேள்வி: சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிடு, நள்ளிரவில் மைதானத்துக்குப் போகலாம் என்கிறான் மகன். நள்ளிரவில் அங்கே என்ன?

அதற்குப் பெயர் மிட்நைட் யெல். உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு சரியாக 12 மணிக்குக் கைல் ஃபீல்டில் மறுநாள் முழக்கங்களுக்கு ஒத்திகை. 1930களின் தொடக்கத்தில் ஒய்எம்சிஏ கட்டடப் படிகளில் தொடங்கியது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம். முன்னே சொன்ன பாஸ் பேக், குனிதல் எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் மறுநாள் தடுமாற்றம் இருக்காது. புதியவர்களுக்கு அதைவிட நல்ல வகுப்பு இல்லை.

யெல் லீடர்கள் எதிரணியைச் சீண்டும் கற்பனைக் கதைகளைச் சொல்வார்கள். நடுவில் விளக்குகளை அணைப்பார்கள். அந்த இருட்டில் காதலர்கள் முத்தமிட்டுக்கொள்வது பழைய வழக்கம். துணை இல்லாதவர்கள் சிகரெட் லைட்டரைக் கொளுத்திக் காட்டித் தங்களைப் போல இன்னொருவரைத் தேடுவார்களாம். அதே வழக்கத்தின் தொடர்ச்சியாக, களத்தில் நம் அணி புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வார்கள். பெற்றோர் பக்கத்தில் நிற்கும்போது டச் டவுன் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே போங்கள்.

மறுநாள் ஆட்டம் காலை 11 மணிக்கு என்றால் மட்டும் யோசியுங்கள். விடுதிக்குத் திரும்பிப் படுக்க ஒன்றரை ஆகிவிடும், காலை எட்டு மணிக்கெல்லாம் சாலை நிரம்பிவிடும்.

கேள்வி: மாணவர் பகுதியில் விருந்தினராக இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு வயது 52. ஆட்டம் முழுக்க நின்றே ஆக வேண்டுமா?

அந்தப் பகுதியில் ஆம். முன்னால் எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்தால் எதுவும் தெரியவும் தெரியாது. ஆட்டம் 60 நிமிடம்தான் என்றாலும், இடைவேளை 20 நிமிடம், விளம்பர நிறுத்தங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஓடும்.

நிற்பதால் மயங்கி விழுபவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் உண்டு. வெயில் ஒரு காரணம். இன்னொன்று, முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்பது. கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து, கண் இருட்டும். முழங்காலைச் சற்று மடித்தே வையுங்கள், இடையிடையே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தலை லேசானால் வீம்புக்கு நிற்காமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள். வியர்வை நின்றுபோய், பேச்சு குழறினால் அது சாதாரணச் சோர்வு இல்லை. அருகிலுள்ள மைதான ஊழியரைக் கூப்பிட்டு முதலுதவி கேளுங்கள்.

மாணவர் பகுதி கிழக்குப் பக்கம். அதாவது மதியம் தாண்டியதும் மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். 2:30 மணி ஆட்டம்தான் அங்கே மிகக் கடுமை. மேற்குப் பக்க கேலரியில் நிழல் முதலில் விழும். முட்டி வலி உள்ளவர்கள் அந்தப் பக்கம் டிக்கெட் வாங்குவது நல்லது.

கேள்வி: கைப்பையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாமே?

பல்கலைக்கழகம் 2012 முதல் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பில் இருக்கிறது. அந்தக் கூட்டமைப்பின் விதிப்படி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டுமே அனுமதி. அளவு 12 அங்குலம் நீளம், 12 அங்குலம் உயரம், 6 அங்குலம் அகலம். அல்லது ஒரு கேலன் ஜிப் பை. உள்ளே இருப்பது தெரியாத பையென்றால் உள்ளங்கை அளவு, அதாவது 4.5க்கு 6.5 அங்குலம் மட்டும். பெரிய பர்ஸ் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். குடை கொண்டுபோக வேண்டாம். மழை என்றால் மெல்லிய மழைக்கோட்டுதான். டிக்கெட் போனில் இருப்பதால், கூட்டத்தில் சிக்னல் திணறும் முன், வீட்டிலிருந்தே அதை வாலெட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 15 பேர் சேர்ந்து டெயில்கேட் போடுகிறோம். பிரிஸ்கெட் நாங்களே செய்ய ஆசை. மாலை ஆட்டம். எவ்வளவு வாங்குவது, எப்போது தொடங்குவது?

டெயில்கேட் என்பது ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவது. டெக்சாஸில் அதன் மையம் பிரிஸ்கெட், அதாவது மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி.

தலைக்குச் சமைத்த இறைச்சி 0.4 பவுண்டு என்றால் 15 பேருக்கு 6 பவுண்டு. கொழுப்பை வெட்டியதும் புகையில் சுருங்கியதும் போக, வாங்கியதில் பாதிதான் தட்டுக்கு வரும். அதனால் 12 முதல் 14 பவுண்டு முழுத் துண்டு வாங்குங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டு பவுண்டு வாங்கிவிட்டுக் கடைசி ஐந்து பேருக்கு ரொட்டி மட்டும் கொடுப்பார்கள்.

மேல் கொழுப்பைக் கால் அங்குலம் விட்டு மீதியைச் சீவிவிடுங்கள். கால் கப் கல்லுப்பு, கால் கப் கொரகொரப்பான மிளகு, அவ்வளவுதான் மசாலா. முந்தைய இரவு 9 மணிக்குப் புகை அடுப்பில் ஏற்றுங்கள். வெப்பம் 250 டிகிரி ஃபாரன்ஹீட். விறகு, கிடைத்தால் போஸ்ட் ஓக்.

உள்வெப்பம் 150க்கும் 170க்கும் இடையே வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். இங்கேதான் புதியவர்கள் பயந்துபோய்த் தீயைக் கூட்டிக் கெடுப்பார்கள். இறைச்சியின் மேலிருந்து ஈரம் ஆவியாகும்போது, வியர்வை உடலைக் குளிரவைப்பதுபோல அதையும் குளிரவைக்கிறது. தீயில் கோளாறு இல்லை. மேற்புறம் கருத்து, விரலால் சுரண்டினாலும் உரியாத நிலை வந்ததும் இறைச்சிக் கடைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றுங்கள். ஆவி அடைபடும், வெப்பம் மீண்டும் ஏறும். இந்தக் கட்டம் பெரும்பாலும் அதிகாலை மூன்று, நான்கு மணிவாக்கில் வரும் என்பதால் மிட்நைட் யெல் போய்வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்த நேரம் அடுப்பருகே ஒருவராவது இருக்க வேண்டும்.

உள்வெப்பம் 203 டிகிரி வாக்கில் வந்ததும் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் ஊசி இறங்கினால் முடிந்தது. இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை மணி. எண்ணைவிட ஊசி சொல்வதை நம்புங்கள். முடிய காலை 10, 11 ஆகும். காகிதத்தோடு துண்டில் சுற்றி, பனிக்கட்டி இல்லாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நான்கைந்து மணி நேரம் சூடு தாங்கும். 140 டிகிரிக்குக் கீழே மட்டும் இறங்கவிடக் கூடாது.

வெட்டுவது கடைசி வேலை. தட்டு நீட்டியவருக்கு மட்டும் வெட்டுங்கள். முழுவதையும் முன்கூட்டியே வெட்டி அடுக்கினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். இறைச்சியில் தட்டையான பாகம், பருத்த பாகம் என இரண்டு உண்டு, இரண்டிலும் நார் வெவ்வேறு திசையில் ஓடும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தியின் திசையை மாற்றுங்கள்.

வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் வெளியே வைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம். சைவர்களுக்குச் சுட்ட சோளம், கேசோ எனும் உருக்கிய சீஸ், பீன்ஸ் உண்டு. ஆனால் பீன்ஸில் பிரிஸ்கெட் துண்டுகளைப் போட்டுக் கொதிக்க வைப்பது டெக்சாஸ் வழக்கம் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் 40 பவுண்டு எடை கட்டுங்கள். முளை அடித்தால் புல்லுக்கடியில் ஓடும் நீர்க்குழாய் உடையும், பல இடங்களில் தடையும் உண்டு. கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, மூடியுள்ள உலோக வாளியில் போடுங்கள். அணைந்ததுபோல் தெரியும் சாம்பல் மறுநாள்வரைகூடக் கனன்றுகொண்டிருக்கும். காய்ந்த புல்லில் நிற்கும் வண்டிக்கு அடியில் அதைக் கொட்டிவிட்டு ஆட்டம் பார்க்கப் போவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்வர நேரம் இருக்குமா?

இருக்கும். ஆனால் போகாதீர்கள். இரண்டாம் கால் பகுதி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள். இடைவேளையில் ஃபைட்டின் டெக்சாஸ் அகீ பேண்டு வடக்கு முனையில் அணிவகுக்கும். 1894இல் தொடங்கியது. அதில் உள்ள அத்தனை பேரும் பல்கலைக்கழகத்தின் ராணுவப் பாணி மாணவர் படையான கேடட் படையைச் சேர்ந்தவர்கள். நான்காம் ஆண்டினரை முழங்கால்வரை உயர்ந்த பழுப்புத் தோல் பூட்ஸை வைத்து அடையாளம் காணலாம்.

மற்ற கல்லூரி பேண்டுகள் பெரும்பாலும் 5 கஜத்துக்கு 8 காலடி வைத்து, வளைவுகளும் படங்களும் போடுவார்கள். இங்கே ராணுவ நடை: 5 கஜத்துக்கு 6 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம். கோடுகள் எல்லாம் நேர்கோடுகள். ஒரு வரிசை இன்னொன்றை ஊடுருவிக் கடக்கும்போது, ஒருவர் அரைக் காலடி பிந்தினாலும் பக்கத்தவரின் டிராம்போனில் மோதுவார். களத்தில் 5 கஜத்துக்கு ஒரு கோடு இருப்பதால், ஆறாவது காலடியில் குதிகால் எல்லாம் ஒன்றாகக் கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். கீழ்வரிசையிலிருந்து இது தெரியாது. பேண்டு ரசிகர்கள் விலை குறைந்த மேல் அடுக்கையே விரும்பி வாங்குவது இதற்காகத்தான்.

கேள்வி: மைதானத்தில் ஒரு நாயைப் பார்த்தோம். அது யாருடையது?

பல்கலைக்கழகத்தின் அடையாளச் சின்னமான ரெவலி. கோலி வகை நாய், கேடட் படையின் மிக உயர்ந்த பதவி அவளுக்கு. தோளில் ஐந்து வைர முத்திரை. முதல் ரெவலி வந்தது 1931இல். படையின் ஒரு பிரிவைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அவளைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்வார், வகுப்புக்கும் கூட்டிக்கொண்டு போவார். தொட விரும்பினால் அவரிடம் கேளுங்கள். இறந்த ரெவலிகளின் கல்லறைகள் மைதானத்தின் வடக்கு வாசலில் இருக்கின்றன. மைதானத்தை விரிவாக்கியபோது ஸ்கோர் பலகை அங்கிருந்து மறைந்துபோனதால், அவர்களுக்கென்றே தனியாக ஒரு பலகை வைத்தார்கள்.

கேள்வி: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டத்துக்கு முன் பெரிய தீ மூட்டுவார்களாமே, இப்போதும் உண்டா?

வளாகத்தில் இல்லை. 1909 முதல் ஆண்டுதோறும் மாணவர்களே அடுக்கி எரித்தார்கள், பிற்காலத்தில் மரமும் அவர்களே வெட்டினார்கள். கென்னடி கொல்லப்பட்ட 1963இல் மட்டும் அடுக்கியதைப் பிரித்துவிட்டார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42க்கு, ஏறத்தாழ 5,000 மரக்கட்டைகளால் அடுக்கப்பட்டு 59 அடி உயர்ந்திருந்த அடுக்கு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணைக் குழு சொன்ன காரணத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் அடுக்குக் கட்டைகளை முதல் அடுக்கின் இடுக்குகளில் ஆப்புப்போல இறுக்கிச் செருகியிருந்தார்கள். மேலே எடை ஏற ஏற, அந்த ஆப்புகள் கீழடுக்கை வெளிநோக்கித் தள்ளின. அந்தத் தள்ளலைத் தாங்கும் வலிமை சுற்றுக் கட்டில் இல்லை. முந்தைய ஆண்டுகளில் சுற்றிய எஃகு வடத்தையும் அந்த ஆண்டு சுற்றவில்லை. பல ஆண்டுகளாக வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தும், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை.

1894இல் தொடங்கிய அந்தப் போட்டி 2011க்குப் பிறகு நின்றுபோய், 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மீண்டும் நடந்தது. அதையொட்டித் தீயையும் வளாகத்துக்குக் கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. எங்கள் கருத்தில் சரியான முடிவு. விபத்து நடந்த இடத்தில் இப்போது நினைவிடம் இருக்கிறது. இறந்த 12 பேருக்கும் ஒவ்வொரு வாயில், ஒவ்வொன்றும் அவரவர் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கும். ஆட்டத்துக்கு வருபவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய்வாருங்கள்.

கேள்வி: தோற்றுவிட்டால் கூட்டத்துக்கு முன் கிளம்பிவிடலாமா?

ஏ அண்ட் எம் தோற்காது, நேரம் போதாமல் போகும் என்பது அங்கத்திய பேச்சு. அப்படிப்பட்ட நாளிலும் மாணவர்கள் கலையாமல் கேலரியிலேயே நின்று, அடுத்த ஆட்டத்துக்காகச் சிறு யெல் ஒத்திகை நடத்திவிட்டுத்தான் போவார்கள். ஜெயித்தால் முதலாண்டு மாணவர்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், ஃபிஷ் பாண்ட் என்ற நீர்த்தொட்டியில் போடுவார்கள். பிறகு ஈர உடையோடு ஒய்எம்சிஏ படிகளில் யெல் நடக்கும். இரண்டில் எது நடந்தாலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்குள் வண்டி நிறுத்துமிடங்களின் முதல் நெரிசலும் குறைந்திருக்கும்.

போகும் வழியில் மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டரைக் கடப்பீர்கள். போர்களில் இறந்த முன்னாள் மாணவர்களுக்காக 1951இல் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே நுழைந்தால் தொப்பியைக் கழற்றுங்கள். சுற்றியுள்ள புல்வெளியும் அவர்கள் நினைவுக்குரியது. குறுக்கு வழி என்று அதன்மேல் நடக்காமல், நடைபாதையிலேயே சுற்றிப் போங்கள். குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.